ஜேர்மனி நர்ஸ் அவுஸ்பில்டுங்: ஏஜென்சிக்குப் பணம் கட்ட முன்ன பிறப்புப் பத்திரத்த எடுத்துப் பாருங்க

மஸ்கெலியா_வாணி
எல்லாருக்கும் வணக்கம். ஏ.எல். கலைப்பிரிவு முடிச்ச பிள்ளை, வயசு 20. ஜேர்மனிக்கு நர்ஸ் வேலை படிக்கப் போகணும்னு விருப்பம். ஹட்டன்ல ஒரு இடத்துல 12 லட்சம் கேக்குறாங்க. மூணு லட்சம் முதல்ல கட்டணுமாம், ஜேர்மன் மொழிய அங்க போய்ப் படிச்சிக்கலாமாம். முதல்ல எந்தக் காலை எடுத்து வைக்கிறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஊவா_காற்று
தங்கச்சி, "மொழிய அங்க போய்ப் படிக்கலாம்"னு சொன்ன இடத்துல ஒரு சதமும் கட்டாதீங்க.

அவுஸ்பில்டுங்ங்கிறது சம்பளத்தோட தொழில் படிக்கிறது. நர்ஸ் படிப்பு மூணு வருஷம். ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு மூணுக்கும் சேர்த்து ஒரே தொழிலா 2020 ஜனவரியில இருந்து மாத்திட்டாங்க. குறைஞ்சது 2,100 மணித்தியாலம் வகுப்பு, 2,500 மணித்தியாலம் வார்ட்ல வேலை. வகுப்பு முழுக்க ஜேர்மன்லதான். நோயாளி வலிக்குதுன்னு சொல்றதும், ராத்திரி மாறுற நர்ஸ் ரிப்போர்ட் சொல்றதும் ஜேர்மன்லதான். அதனால விசாவுக்கே பி1 கேப்பாங்க (மொழி மட்டம் ஏ1, ஏ2, பி1, பி2ன்னு கீழ இருந்து மேல போகும்), நிறைய நர்சிங் பாடசாலைங்க பி2 இருந்தாத்தான் ஒப்பந்தம் போடும். மொழிச் சான்றிதழ் இல்லாம அனுப்புறேன்னு சொல்ற ஆள் ஒண்ணு விசிட் விசா போடுவார், இல்லாட்டி காச வாங்கிட்டு இழுத்தடிப்பார்.

படிப்பு சேர பத்து வருஷப் பள்ளிப்படிப்பு முடிச்சதா அந்த மாநிலத்து அலுவலகம் ஏத்துக்கணும். ஓ.எல்., ஏ.எல். ரெண்டும் கையில இருந்தா அது பெரிய தடையில்ல. கலைப்பிரிவுங்கிறதால யாரும் தள்ளிவிட மாட்டாங்க, பயப்படாதீங்க.

பதிவேடு
ஊவா_காற்று சொன்னது சரி. ஆனா மொழி வகுப்புக்குச் சேர முன்ன ஒரு வேலை இருக்கு. தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு மொழியில போற நேரத்த விட பத்திரத்துல போற நேரம்தான் கடைசியில கழுத்தப் பிடிக்குது. பி1 பாஸ், ஒப்பந்தம் கையில, படிப்பு தொடங்க ஆறு வாரம்தான் இருக்கு. அப்ப பார்த்தா பிறப்புப் பத்திரத்துல ஒரு பேரு, பாஸ்போர்ட்ல இன்னொரு பேரு.

இன்னைக்கு ராத்திரியே ஒரு மேசையில இத்தனையையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வைங்க: பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, ஓ.எல். சான்றிதழ், ஏ.எல். சான்றிதழ், பாடசாலை விலகல் பத்திரம், அம்மா அப்பா விவாகப் பத்திரம், அப்பாவோட அடையாள அட்டை. ஒரு பென்சிலால பேரு, பிறந்த திகதி, அப்பா பேரு மூணையும் எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க.

உதாரணத்துக்கு ஒண்ணு. பிறப்புப் பத்திரத்துல "யோகேஸ்வரி"ன்னு மட்டும் இருக்கும். ஓ.எல். சான்றிதழ்ல முன்னெழுத்து ஒண்ணு போட்டு ஆங்கிலத்துல ஒரு மாதிரி. அடையாள அட்டையில "முத்துசாமி யோகேஸ்வரி"ன்னு அப்பா பேரோட, ஆங்கிலத்துல வேற மாதிரி. அப்பா பேரு ஒரு எடத்துல "முத்துசாமி", இன்னொரு எடத்துல "முத்துச்சாமி", அவரோட சொந்த அட்டையில "பெரியசாமி முத்துசாமி". நம்ம ஊர்ல எல்லாம் ஒரே ஆளுன்னு தெரியும். அங்க கோப்பப் பார்க்கிற அதிகாரிக்கு இது மூணு பொம்பளைப் பிள்ளைங்க, மூணு அப்பாமார்.

ஏன் இப்பிடி வருதுன்னு புரிஞ்சா திருத்துறது லேசு. முந்தி தோட்டத்துல பிள்ளை பிறந்தா தோட்ட ஆபீஸ் வழியாத்தான் தகவல் பதிவாளருக்குப் போகும். வாய்ச்சொல்லா கேட்டத எழுதுறவர் சிங்களத்துல எழுதுவார், அத இன்னொருத்தர் தமிழாக்குவார், பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப டீச்சர் இன்னொரு எழுத்துப் போடுவார். பிந்திப் பதிஞ்ச பிள்ளைக்கு திகதியும் மாறியிருக்கும்.

திருத்துற ஒழுங்கு முக்கியம். முதல்ல பிறப்புப் பத்திரம். அதுக்குப் பின்னால அடையாள அட்டை, பிறகு பாஸ்போர்ட், கடைசியா பரீட்சைச் சான்றிதழ். தலைகீழாப் போனா ரெண்டு தரம் செலவு. பிறப்புப் பத்திரத் திருத்தத்துக்கு பிறப்பு பதிஞ்ச பிரிவுக்குரிய பிரதேச செயலகத்துல மேலதிக மாவட்டப் பதிவாளர்கிட்ட போகணும். எழுத்துப் பிழை திருத்துறதுக்கு ஒரு விண்ணப்பம், பேரையே மாத்துறதுக்கும் விடுபட்ட பேரச் சேக்குறதுக்கும் இன்னொரு விண்ணப்பம். எது உங்களுக்கு வேணும்னு பத்திரத்தக் காட்டிக் கேட்டு அந்த படிவத்த மட்டும் வாங்குங்க. கூட வைக்க: பாடசாலை அனுமதிப் பதிவேட்டுப் பிரதி, அம்மா அப்பா பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், கூடப்பிறந்தவங்க பிறப்புப் பத்திரம், கோயில்ல பேரு வச்ச பதிவோ ஞானஸ்நானப் பத்திரமோ இருந்தா அதுவும். பழைய ஆதாரத்துக்குத்தான் மதிப்பு. போன மாசம் எடுத்த கடிதத்த விட ஒண்ணாம் வகுப்புப் பதிவேடு பெருசு.

பிறப்பே பதியாம இருந்தா பிந்திய பதிவுக்கு முதல்ல முயற்சி பண்ணுங்க. உத்தேச வயதுச் சான்றிதழ் வச்சு அடையாள அட்டை எடுக்கலாம், ஆனா வெளிநாட்டு அலுவலகத்துல அதுக்குக் கேள்வி மேல கேள்வி வரும்.

சாமிமலை_குமார்
பதிவேடு அண்ணே, ரெண்டு கேள்வி. அம்மா அப்பா கோயில்ல தாலி கட்டினதோட சரி, விவாகப் பதிவு இல்ல. பிறப்புப் பத்திரத்துல "பெற்றோர் விவாகமானவர்களா" எங்கிற எடத்துல "இல்லை"ன்னு இருக்கு. இது விசாவுக்குத் தடையா? அடுத்தது, ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம்னா சத்தியக்கடதாசி போதாதா?

பதிவேடு
தம்பி, "இல்லை"ன்னு இருக்கிறது தடையில்ல. அத மறைக்க வேண்டாம், அதுக்காக வெக்கப்படவும் வேண்டாம். மலையகத்துல நிறையப் பேருக்கு அப்பிடித்தான். அப்பா பேரு எழுதியிருக்கா, அது மத்தப் பத்திரங்களோட ஒத்துப்போகுதாங்கிறதுதான் விஷயம்.

சமாதான நீதவான்கிட்ட போடுற சத்தியக்கடதாசி, "இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்"னு சொல்றதுக்கு உதவும். ஓ.எல். சான்றிதழ்ல "வ"வுக்கு ஆங்கிலத்துல வேற எழுத்து வந்த மாதிரி சின்ன வித்தியாசத்துக்குச் சரி. பிறந்த திகதி வித்தியாசம், அப்பா பேரு வித்தியாசம் ரெண்டுக்கும் அது போதாது. அத திருத்தித்தான் ஆகணும்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்துல இன்னொரு கவனம். நமக்குக் குடும்பப் பேருன்னு ஒண்ணு இல்ல, அங்க அது இல்லாம ஒரு படிவமும் நிரம்பாது. குடும்பப் பேர் எடத்துல அப்பா பேரு விழுந்தா அங்க காலம் முழுக்க உங்கள "முத்துசாமி அம்மா"ன்னுதான் கூப்பிடுவாங்க, சம்பளச் சீட்டு, காப்புறுதி அட்டை எல்லாம் அப்பிடித்தான். அதுல தப்பில்ல. ஆனா எது எந்த எடத்துல விழுதுன்னு தெரிஞ்சு கையெழுத்துப் போடுங்க, ஏன்னா பின்னால மொழிப் பரீட்சைக்குப் பதியிறப்ப, ஒப்பந்தத்துல, விசாவுல எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல இருக்கிற அதே எழுத்துத்தான் வரணும்.

2025 நவம்பர்ல டித்வா புயலோட மண்சரிவுல பத்திரமெல்லாம் போனவங்களுக்கு ஒரு வார்த்தை: பிறப்புப் பதிவு கணினியில ஏறியிருந்தா எந்தப் பிரதேச செயலகத்துலயும் பிரதி எடுக்கலாம், பிறந்த ஊருக்கே ஓட வேண்டியதில்ல. பிரதி எடுக்கிறப்ப மூணா எடுங்க.

மஸ்கெலியா_வாணி
மேசையில விரிச்சுப் பார்த்தாச்சு அண்ணே. திகதி எல்லாம் ஒண்ணு. அப்பா பேருல மட்டும் "ச்" ஒண்ணு கூட இருக்கு. அதோட முகவரி. ஒண்ணுல "மேற்பிரிவு", ஒண்ணுல தோட்டத்துப் பேரு மட்டும். இதுவும் பிரச்சினையா?

பதிவேடு
அந்த "ச்" ஆங்கிலத்துல வித்தியாசமா வந்திருந்தா திருத்துங்க, தமிழ்ல மட்டும்னா மொழிபெயர்க்கிற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கிட்ட பாஸ்போர்ட் பிரதியக் குடுத்து அதே ஆங்கில எழுத்துல போடச் சொல்லுங்க. அவர் தன் இஷ்டத்துக்கு எழுதினாத்தான் புதுப் பேரு ஒண்ணு பிறக்கும்.

முகவரிய இன்னைக்கே ஒண்ணா முடிவு பண்ணுங்க. லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வீட்டு இலக்கம் இல்லாததால கடிதம் எல்லாம் தோட்ட ஆபீஸ்ல குவியும், யாரோ எடுத்துட்டு வர்ற வரைக்கும் கிடக்கும். தோட்டத்துப் பேரு, பிரிவு, தபால் கந்தோர், ஊர்னு ஒரே ஒழுங்குல எழுதி, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ்லயும் அதையே போடச் சொல்லுங்க. அடையாள அட்டை விண்ணப்பத்த தோட்டத்துல இருக்கிறவங்களுக்குத் துரையும் (தோட்ட மேனேஜர்) உறுதிப்படுத்தலாம், அவர்கிட்ட போறப்பவும் இதே முகவரி.

தலவாக்கலை_ரவி
எல்லாரும் ஜேர்மனியவே சொல்றீங்க. ரெண்டு வருஷம் மொழி படிச்சு உக்காந்திருக்க எல்லா வீட்டுலயும் வசதி இல்ல. ருமேனியாவுக்கு மொழியும் வேணாம், பரீட்சையும் வேணாம், ஆறேழு மாசத்துல போயிடலாம். அதையும் சொல்லுங்களேன்.

ஊவா_காற்று
நியாயமான கேள்வி ரவி. ருமேனியா உண்மையான வழிதான், 2024லயும் 2025லயும் வருஷத்துக்கு 1,00,000 வெளிநாட்டு வேலையாட்களுக்கு இடம் திறந்தாங்க. நடைமுறை இப்பிடி: அங்கத்த முதலாளி குடிவரவு அலுவலகத்துல வேலை அனுமதி எடுக்கணும், அத வச்சு கொழும்பு ருமேனியத் தூதரகத்துல நீண்டகால வேலை விசா, போன பிறகு வதிவிட அட்டை. வேலை அனுமதிய எடுக்க வேண்டியது முதலாளிதான். அந்தக் கட்டணத்த உங்க தலையில கட்டினா கேள்வி கேளுங்க.

சம்பளத்தையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. 2025ல அங்க குறைஞ்சபட்சச் சம்பளம் மாசம் 4,050 லெய் (ருமேனியக் காசு). கழிவு போக கைக்கு வந்தது 500 யூரோவ ஒட்டி. தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி குடுக்கிறாரான்னு ஒப்பந்தத்துல எழுதியிருந்தாத்தான் அது மிஞ்சும். வாய்ச்சொல் கணக்கில்ல. 10 லட்சம் கடன்ல போனா முதல் வருஷம் முழுக்க கடனுக்கும் வட்டிக்கும்தான் உழைப்பு.

இன்னொண்ணு, இதுலதான் நம்ம பிள்ளைங்க நிறையப் பேர் விழுறாங்க. ருமேனியா 2025 ஜனவரியில இருந்து தரை வழியாவும் ஷெங்கனுக்குள்ள (எல்லைச் சோதனை இல்லாம போய்வர்ற ஐரோப்பிய நாடுகளோட கூட்டு) வந்திருச்சு, எல்லையில நிப்பாட்ட மாட்டாங்க, அங்க போய் இத்தாலிக்கு மாறிக்கலாம்னு ஏஜென்ட் சொல்வார். ருமேனிய அட்டையில மத்த ஷெங்கன் நாட்டுல 180 நாளைக்குள்ள 90 நாள் சுத்திப் பார்க்கலாம், வேலை செய்ய முடியாது. மாறிப் போனா ருமேனிய வேலையும் போகும், அட்டையும் போகும்.

பண்டாரவளை_மேரி
இத்தாலி பத்தி நானும் ஒண்ணு சேர்க்கிறேன். அங்க ஒதுக்கீட்டு முறை, 2023 தொடக்கம் 2025 வரைக்கும் 4,52,000 பேர்னு அறிவிச்சாங்க. ஆனா விண்ணப்பம் போடுறது இத்தாலியில இருக்கிற முதலாளி, குறிச்ச நாள்ல இணையத்துல. இங்க இருந்து நீங்க "விண்ணப்பிக்க" ஒரு வழியும் இல்ல. 2024 ஒக்டோபர்ல வந்த அவசரச் சட்டத்துல இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆட்களோட வேலை அனுமதிகள மறுபடி சரிபார்க்கிற வரைக்கும் நிறுத்தி வச்சாங்க. கள்ள முதலாளி பேருல நிறைய அனுமதி எடுத்ததாலதான் அது. அதனால அனுமதிக் கடிதத்தக் காட்டினாலும் அந்த முதலாளி நிஜமா இருக்காரா, எந்த ஊர்ல என்ன தொழில்னு கேளுங்க.

எந்த நாடா இருந்தாலும் ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்து அனுமதி இலக்கம் இருக்கணும், அதோட அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு பணியகம் அனுமதி குடுத்திருக்கணும். ரெண்டும் வேற வேற. அனுமதிப் பத்திரத்த சுவர்ல மாட்டி வச்சுக்கிட்டு, அனுமதி இல்லாத வேலைக்குக் காசு வாங்குறவங்கதான் அதிகம். பணியகத்து 1989 இலக்கத்துக்கு ஃபோன் பண்ணி ஏஜென்சி பேரையும் நாட்டையும் வேலையையும் சொல்லிக் கேளுங்க. பற்றுச்சீட்டு இல்லாத காசு குடுத்த காசே இல்லன்னு நினைச்சுக்கோங்க. போக முன்ன பணியகத்துல பதிவையும் செஞ்சிடுங்க, சொந்தமா வேலை தேடினவங்களும் ஒப்பந்தத்த எடுத்துட்டுப் போய்ப் பதியணும்.

மஸ்கெலியா_வாணி
ரொம்ப நன்றி அக்கா. மொழி எப்பிடிப் படிக்கிறது? ஹட்டன்ல "மூணு மாசத்துல பி1"னு போர்ட் போட்டிருக்கு.

ஊவா_காற்று
மூணு மாசத்துல பி1 வராது தங்கச்சி. ஒண்ணுமே தெரியாத ஆள் பி1 தொடுறதுக்கு 45 நிமிஷப் பாடம் 350ல இருந்து 650 வரைக்கும் வேணும். ஒரு நாளைக்கு நாலு பாடம், வாரத்துக்கு அஞ்சு நாள்னு வச்சாலும் நாலு மாசத்துல இருந்து ஏழரை மாசம். பி2வுக்கு இன்னும் மேல. வீட்டுல படிக்கிற நேரம் இதுல சேரல்ல.

பி1 பரீட்சை நாலு பகுதி: வாசிப்பு 65 நிமிஷம், கேட்டல் 40, எழுத்து 60, பேச்சு 15 நிமிஷம் அளவு. ஒவ்வொண்ணுலயும் 100க்கு 60 எடுக்கணும். நல்ல விஷயம், ஒவ்வொரு பகுதியும் தனித்தனியா எழுதலாம். மூணுல பாஸாகி எழுத்துல விழுந்தா எழுத்த மட்டும் மறுபடி எழுதினாப் போதும். கோதே இன்ஸ்டிடியூட் பரீட்சை கொழும்புல நடக்குது. காலைப் பரீட்சைக்கு அன்னைக்கு விடிய பஸ் ஏறாதீங்க, அவிசாவளைப் பாதையில ஒரு மரம் விழுந்தா வருஷ உழைப்பு போச்சு. முதல் நாளே போய்த் தங்குங்க.

நம்ம பிள்ளைங்க பெரும்பாலும் விழுறது கேட்டல்ல. வகுப்புல டீச்சர் பேசுற ஜேர்மன் தெளிவா, மெதுவா இருக்கும். பரீட்சையில ரேடியோ, ரயில் நிலைய அறிவிப்பு, ரெண்டு பேர் பேச்சு எல்லாம் ஓடும். அதனால ஏ1 முதல் நாள்ல இருந்தே தினம் அரை மணி நேரம் காதுக்கு மட்டும் ஒதுக்குங்க. எழுத்துல வினைச்சொல் எங்க நிக்குதுங்கிறதுதான் புள்ளிய விழுங்கும். துணை வாக்கியத்துல வினை கடைசியில வரும், அது நமக்குப் புதுசில்ல, தமிழ்லயும் வினை கடைசியிலதானே.

தலவாக்கலை_ரவி
சரி, மூணு வருஷம் படிக்கிறப்ப சம்பளம் எவ்வளவு? வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

ஊவா_காற்று
பொதுத்துறை ஊதிய ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரியில 2025 கணக்குப்படி முதல் வருஷம் மாசம் 1,400 யூரோ சுற்றி, ரெண்டாம் மூணாம் வருஷம் கொஞ்சம் கொஞ்சமா கூடும். ஓய்வூதியம், சுகாதாரக் காப்புறுதி, வேலையிழப்புக் காப்புறுதி, பராமரிப்புக் காப்புறுதின்னு அஞ்சுல ஒரு பங்கு கழியும், கைக்கு 1,100 சுற்றி. தனியார் இல்லத்துல இத விடக் குறையலாம், ஒப்பந்தத்துல தொகைய வாசிங்க. வாடகை, சாப்பாடு, போக்குவரத்து போனா முதல் வருஷம் அனுப்புறது சின்னத் தொகைதான். வீட்டுல இத முன்னாலயே சொல்லி வைக்கணும். பிள்ளை ஜேர்மனியில இருக்குன்னு அடுத்த மாசமே கடன்காரங்க வாசலுக்கு வந்தா, அங்க பிள்ளை ராத்திரி வேலையும் பகல்ல வகுப்புமா ஒடஞ்சு போகும்.

அவுஸ்பில்டுங் விசாவுல வாரம் 20 மணித்தியாலம் வேற வேலையும் செய்யலாம். ஆனா நர்ஸ் படிப்போட அது தாங்காது. முதல் ஆறு மாசம் சோதனைக் காலம், ரெண்டு பக்கமும் ஒப்பந்தத்த முறிக்கலாம். பிள்ளையோட தப்பில்லாம முறிஞ்சா, இன்னொரு இடம் தேட ஆறு மாசம் வரைக்கும் அவகாசம் கேக்கலாம். பயந்து ஒளிஞ்சு இருக்காம உடனே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதணும். கடைசிப் பரீட்சையில மூணு எழுத்து, ஒரு வாய்மொழி, ஒரு செய்முறை. பாஸாகித் தொழில்ல ரெண்டு வருஷம் இருந்தா நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். உழைப்புக்குப் பலன் அங்கதான்.

சாமிமலை_குமார்
கையில என்.வி.கியூ. (இலங்கைத் தொழிற்தகைமைச் சான்றிதழ்) நாலாம் மட்டம் எலெக்ட்ரிக்கல் இருக்கிறவங்களுக்கு அந்த "வாய்ப்பு அட்டை" சரி வருமா அண்ணே?

ஊவா_காற்று
அது ஜேர்மனியில 2024 ஜூன்ல வந்த வேலை தேடும் விசா, ஒரு வருஷத்துக்கு. குறைஞ்சது ரெண்டு வருஷத் தொழிற்பயிற்சி, அதுவும் இலங்கை அரசு ஏத்துக்கிட்டதா இருக்கணும். அனுபவத்த வச்சு நேர்முகத் தேர்வுல எடுத்த என்.வி.கியூ.வுக்கு அந்த ரெண்டு வருஷத்தக் காட்ட முடியாம மாட்டிக்குவாங்க. முழுநேரமா ரெண்டு வருஷம் படிச்ச சான்றிதழ்னா பாருங்க. ஜேர்மன் ஏ1 இல்ல ஆங்கிலம் பி2 வேணும், அதுக்கு மேல வயசு, அனுபவம், மொழி மாதிரி விஷயங்களுக்குக் குடுக்கிற புள்ளியில ஆறு எடுக்கணும். மாசம் 1,091 யூரோ வீதம் ஒரு வருஷக் காசக் காட்டணும், 2025 கணக்குப்படி 13,092 யூரோ. தோட்டத்துல நாள் சம்பளத்துல வாழுற குடும்பத்துக்கு இது எட்டாத மலை. அவுஸ்பில்டுங்குக்கு சம்பளம் வர்றதால பெரும்பாலும் இந்தக் காசு கேக்க மாட்டாங்க. அதனாலதான் நம்ம பிள்ளைங்களுக்கு அந்த வழியச் சொல்றேன்.

பண்டாரவளை_மேரி
போய் இறங்கினதும் செய்ய வேண்டியதச் சுருக்கமா சொல்றேன். வீட்டுக்குக் குடியேறி ரெண்டு வாரத்துக்குள்ள நகர அலுவலகத்துல முகவரி பதியணும், அன்மெல்டுங்னு சொல்வாங்க. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட உறுதிக் கடிதம் இல்லாம பதிய மாட்டாங்க, சாவி வாங்குற அன்னைக்கே அதையும் வாங்குங்க. அந்தப் பதிவு இருந்தாத்தான் வரி இலக்கம் தபால்ல வரும், வங்கிக் கணக்கும் லேசாகும். வாடகையில ரெண்டு கணக்கு உண்டு: வெறும் வாடகை ஒண்ணு, தண்ணி, ஹீட்டர், குப்பை எல்லாம் சேர்ந்தது இன்னொண்ணு. விளம்பரத்துல சின்னத் தொகையத்தான் பெருசா போடுவாங்க. முன்பணம் வெறும் வாடகைல மூணு மாசத்துக்கு மேல கேக்க சட்டத்துல இடமில்ல.

நுவரெலியாக் குளிருக்குப் பழகின உடம்புதானேன்னு கம்பளி ஸ்வெட்டரோட மட்டும் போகாதீங்க. சன்னல அடைச்சு வச்சு ஹீட்டர் போட்டா சுவர்ல பூஞ்சணம் பிடிக்கும், லயத்துச் சுவர்ல பிடிக்கிற மாதிரியேதான். அதுக்கு உங்ககிட்ட காசு கேப்பாங்க. குளிர்காலத்துலயும் நாளைக்கு ரெண்டு தரம் சன்னல முழுசாத் திறந்து அஞ்சு பத்து நிமிஷம் காத்து விடணும்.

மஸ்கெலியா_வாணி
முதல்ல பிரதேச செயலகம், பிறகு ஏ1. அந்த 12 லட்சம் ஆளுக்கு வேணாம்னு சொல்லியாச்சு.

ஊவா_காற்று
நல்லது தங்கச்சி. இன்னொரு கடதாசியும் தேடி எடுத்து வைங்க: சின்ன வயசுல ஊசி போட்ட கிளினிக் கொப்பி. ஆஸ்பத்திரியில வேலை செய்றவங்களுக்கு சின்னமுத்து (மீசில்ஸ்) ஊசி ரெண்டு தரம் போட்ட அத்தாட்சி அங்க சட்டப்படி கட்டாயம். கொப்பி தொலைஞ்சிருந்தா பதட்டப்படாதீங்க, ரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி பார்த்த ரிப்போர்ட்டும் ஏத்துக்குவாங்க. ஆனா அத விசாவுக்கு முந்தின வாரம் ஓடித் தேடாம, இப்பவே அம்மாகிட்ட கேட்டு பெட்டியில பாருங்க.